சம்பந்தியம்மாவின் வாக்குமூலம்

வாக்குமூலம் வாங்குவதற்கு ஒரு விதி உண்டு. சொல்பவர் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். எழுதியதை அதே மொழியில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்பவர் அந்த விவகாரத்தில் லாபமோ நஷ்டமோ உள்ளவராக இருக்கக் கூடாது.

ஓசூர்ப் பக்கம் தாசில்தாராக இருந்தவனுக்கு இந்த விதி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அண்ணன் கன்னடத்தில் அழுவார், தம்பி தெலுங்கில் திட்டுவார், இருவரும் தமிழில் கையெழுத்துப் போடுவார்கள். ஜவளகிரியில் யானை மிதித்த ராகிக் கொல்லைக்கு நஷ்டஈடு கேட்டு வந்தவருக்குக்கூட ஒவ்வொரு வரியையும் கன்னடத்தில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைரேகை வாங்கினேன். கால் ஏக்கர் ராகிக்கு அவ்வளவு பாதுகாப்பு.

மனித இதயத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகே அறுவை என்று ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் எழுதி மாட்டியிருக்கிறார்கள். சட்டம் போட்டு மாட்டியதை யாரும் படிப்பதில்லை என்பது என் அனுபவம்.

இங்கே பேசப்படும் இதயம் என் சம்பந்தியம்மாவுடையது. கனடாவில் வேலை பார்க்கும் என் மகன், கூடப் படித்த ஈரான் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுடைய அம்மாவுக்கு இதயத்தின் பெரிய வால்வு சுருங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு நின்று திரும்புகிறது. ஈரானில் வரிசையில் காத்திருப்பதைவிட இங்கே சீக்கிரம் முடியும் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். மருமகளால் உடன் வர முடியாது. அவள் வயிற்றில் எங்கள் இரு வீட்டுக்கும் முதல் பேரப்பிள்ளை, விமானத்தில் ஏறக் கூடாத மாதம். ஆகவே ஆனி மாதத்து ஒரு சாரல் நாளில், தாய்மொழியான ஃபார்சி தவிர வேறு மொழி தெரியாத ஓர் அம்மாள், சிகிச்சை விசாவோடும் பிஸ்தாப் பொட்டலங்களோடும் ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வெளிநாட்டவர் தங்கினால் ஒரு நாளைக்குள் சி படிவம் ஏற்ற வேண்டும். அவர் பெட்டியைத் திறப்பதற்குள் நான் ஏற்றிவிட்டேன்.

என்னை அவர் ‘ஆகா’ என்று அழைத்தார். அவர்கள் மொழியில் ஐயா என்று பொருள்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்களப் பார்த்து ஆகான்னு சொன்ன முதல் ஆளு இவங்கதான்" என்றாள் என் மனைவி.

முதல் தவறு அந்த வாரமே நடந்தது. மனைவி இட்லி வைத்தால் சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்பார். தோசை என்றாலும் அதே கை, அதே புன்னகை. மனைவி வழக்கம்போல, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று வற்புறுத்தப் போனாள். நான் தடுத்தேன். "அவங்க இதய நோயாளி. வேண்டாம்னா வேண்டாம். நோயாளியை எதுக்கும் வற்புறுத்தக் கூடாது." மூன்றாம் நாள் மத்தியானம் மனைவி சமையலறைக்குள் போனபோது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நின்று சம்பந்தியம்மா அவசர அவசரமாக வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

கனடாவுக்குப் போன் போட்டோம். மருமகள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள், ‘மாமா’ மட்டும் தமிழ். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. "மாமா, எங்க ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றால் அது மரியாதை. ரெண்டாவது தடவையும் மரியாதைதான். மூணாவது தடவை கேட்டால்தான் பசிக்குதா இல்லையான்னு தெரியும். அம்மா பட்டினியா இருக்காங்களா?"

"இதத்தானே நானும் சொன்னேன்" என்றாள் மனைவி. "சோறு போட இவரு ரூல்ஸ் பேசினாரு. வந்தவங்க பட்டினி. ஊர்ல சொன்னா மானம் போயிடும்."

எனக்கு மானத்தைவிட அந்த மூன்று தடவைதான் மனதில் தங்கியது. அரசாங்கப் புளிய மரங்களின் மகசூலையும் பாரூர் ஏரி மீன் குத்தகையையும் ஏலம் விட்டவன் நான். ஒரு தரம் என்பது சத்தம். இரண்டு தரம் என்பதும் சத்தம். மூன்றாம் தரத்துக்குத்தான் சட்டத்தில் மதிப்பு.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் இருக்கிறது. டாக்டர் ஒரு பிளாஸ்டிக் இதயத்தைப் பிரித்துக் காட்டினார். கைக்கணினித் திரையில் மருமகள். டாக்டர் சொன்னதை அவள் ஃபார்சியில் சொன்னாள். பிறகு சம்பந்தியம்மா பேச ஆரம்பித்தார். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பேசினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கும் அளவுக்குப் பேசினார். ஒன்றை நான் கவனித்தேன். பேசும்போது அவர் கை நெஞ்சுக்குப் போகவில்லை. வயிற்றின் மேல் இருந்தது.

பேசி முடித்ததும் மருமகள் சொன்னாள்: "அம்மா ஓகே சொல்றாங்க."

"இவ்வளவு பேசினதுக்கு ஓகேயா?" என்றேன்.

"சுருக்கமா அதுதான் மாமா."

"சுருக்கம் வேண்டாம்மா. முழுசா சொல்லு."

"பயமா இருக்கு, ஆனா செஞ்சுக்கறேன்னு சொல்றாங்க. ப்ளீஸ் மாமா, சைன் வாங்கிடுங்க."

சாட்சி என்று அச்சிட்ட கோட்டுக்கு மேல் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனா மூடியைத் திரும்ப மாட்டினேன். ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறார்கள். கேட்டது, பதிலில் லாப நஷ்டம் உள்ளவள். அவள் மகள்தான், நல்லவள்தான். விதி நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

ஆலோசகர் என்ற அட்டை தொங்கும் இளம்பெண் என்னை ஓரமாக அழைத்தாள். "சார், இது ஃபார்மாலிட்டி சார். எல்லாரும் போட்டுக் கொடுத்துடுவாங்க."

"எல்லாரும் போட்டுக் கொடுத்துட்டதாலதாம்மா எனக்கு அத்தனை வருஷம் ஆபீஸ்ல வேலை இருந்துச்சு. ஃபார்சி தெரிஞ்சவங்க இங்க இருக்காங்களா?"

"அரபி இருக்காங்க சார். பெங்காலி இருக்காங்க. அரபி போதாதா? ரெண்டும் ஒரே எழுத்துதானே?"

"கன்னடமும் தெலுங்கும்கூடப் பார்க்க ஒரே மாதிரிதான். உங்க அம்மாவுக்கு மாத்திப் படிச்சுக் காட்டும்மா."

அவளுக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். மொழிபெயர்ப்பாளர் கேட்டு மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. பெங்களூரில் படிக்கும் ஈரான் பிள்ளைகள் யாரையாவது கூப்பிடலாம் என்றேன். ஊர்க்காரப் பையன் முன்னால் உடம்பைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சம்பந்தியம்மா மகளிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு இயந்திரத்தையும் நீட்டிப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்து ஏதோ வாழ்த்தினார். அது "உங்களுக்காக நான் பலியாகிறேன்" என்று தமிழில் வாசித்தது. அவர்கள் ஊரில் நன்றி சொல்வதே அப்படித்தானாம். அறுவைக்குப் போகிறவரிடம் அந்த இயந்திரத்தை மறுபடி நீட்ட எனக்குத் தைரியம் இல்லை.

மகன் போனில் கத்தினான். "அப்பா, இது பட்டா மாறுதல் இல்லப்பா. ஒரு நாள் தள்ளினாலும் அவங்க உயிருக்கு ரிஸ்க்."

"தெரியும். அதனாலதான் அவங்க வாயால கேக்கணுங்கறேன்."

"அவளே ட்ரான்ஸ்லேட் பண்ணாளே!"

"அதேதான் சிக்கல்."

போனை வைத்தேன். அவன் சொன்னது உண்மை. நான் நிறுத்தியது ஒரு கையெழுத்தை மட்டும் அல்ல, ஒரு சிகிச்சையை. பக்கத்து அறையிலிருந்து அவர் மூச்சு கேட்டது, நனைந்த துணியை இழுப்பது போல. அன்றைக்கே ஃபார்சி படிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காதில் பாடத்தை மாட்டிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தேன். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் முன்னால், "கல்ப், இதயம். தர்த், வலி. கத்தர், ஆபத்து. மர்க், சாவு" என்று முணுமுணுத்துக்கொண்டு போகும் கிழவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், "அய்யா, ஏதும் பரீட்சையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எப்ப?" என்றான். அதுதான் தெரியவில்லை.

மொழிப் பாடங்கள் ஆரோக்கியமானவர்களுக்காக எழுதப்படுகின்றன. ரயில் நிலையம் எங்கே, இந்தச் சட்டை என்ன விலை, எனக்கு இரண்டு சகோதரிகள். மயக்க மருந்து கொடுத்து நெஞ்செலும்பைப் பிளப்பார்கள் என்று சொல்ல எந்தப் பாடத்திலும் இடமில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்க வேண்டியிருந்தது. வால்வுக்கு தரீச்சே என்கிறார்கள், சின்ன ஜன்னல் என்று பொருள். ஜன்னல் குறுகிவிட்டது என்று ஒரு அம்மாளிடம் சொல்வது, உங்கள் வால்வு சுருங்கிவிட்டது என்று சொல்வதைவிட மரியாதையாக இருந்தது. மூச்சுத் திணறலுக்கு தங்கியே நஃபஸ். மயக்கத்துக்கு பீஹோஷி. ஆபரேஷனுக்கு அமல். நாங்கள் ‘அமலுக்கு வந்தது’ என்று அரசாணையில் எழுதும் அதே அமல்.

இங்கேதான் ஒரு ஆச்சரியம். என் உத்தியோக காலம் முழுக்க நான் அரைகுறை ஃபார்சிதான் பேசிக்கொண்டிருந்தேன். பாக்கி, வசூல், வாரிசு, ஷரத்து, ரத்து, சிபாரிசு, ஜவாப், ஆஜர். தாசில்தார் என்ற என் பெயர்ப் பலகையே அங்கிருந்து வந்ததுதான். சம்மதத்துக்கு அவர்கள் சொல் ராஸி. இரு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள் என்று நூறு முறை எழுதிய கை இது. உற்சாகம் தாங்காமல் சம்பந்தியம்மாவிடம் என் கையிருப்பை அவிழ்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளிடம் போனில் ஏதோ சொன்னார். மருமகள் எனக்கு மொழிபெயர்த்தாள்: "மாமா, உங்க கிட்ட பேசினா ஜப்தி பண்ண வந்த ஆள் கிட்ட பேசற மாதிரி இருக்காம்."

இந்த ஒன்றை மட்டும் அவள் சுருக்காமல் சொன்னாள்.

மனைவிக்கு மொழி தேவைப்படவில்லை என்று சொன்னால் பொய். இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். பானையின் அடியில் பிடித்த சோற்றை மனைவி சுரண்டி எறியப் போவாள். சம்பந்தியம்மாவுக்கு அந்தக் காந்தல்தான் விருந்து, பறித்துக்கொள்வார். "வந்தவங்களுக்கு அடிப்பிடிச்ச சோறு போட்டேன்னு பேரு வரும்" என்று இவள் தமிழில் புலம்ப, அவர் ஃபார்சியில் மொறுமொறுவென்று தின்பார். டீக்குச் சீனி கலக்க விடமாட்டார். கல்கண்டை முன்பல்லில் இடுக்கிக்கொண்டு அதன் வழியாக டீயை உறிஞ்சுவார். இந்தச் சண்டைகளில் மனைவியிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் ‘பரவால்ல’. தமிழிலேயே தகவல் எதுவும் இல்லாத சொல் அதுதான். எப்படி இருக்கிறது என்று எந்த மொழியில் கேட்டாலும் அவருக்குப் பதில் தயாராகிவிட்டது.

ஆடி பிறந்தது. "ஆடியில ஆபரேஷன் வச்சிக்கினா நல்லா இருக்குமா? ஆவணிக்குத் தள்ளக் கூடாதா?" என்றாள் மனைவி. வால்வுக்கு ஆடி தெரியாது என்றேன். ஆனால் எனக்கு நாளைத் தள்ள இடமில்லை என்று தெரிந்தது. சாயங்காலம் டீ வைத்ததும் சம்பந்தியம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். மனைவியும் உட்கார்ந்தாள். அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

ஜன்னல் குறுகிவிட்டது, புது ஜன்னல் வைக்க வேண்டும், ஆபத்து உண்டு, வைக்காவிட்டால் அதைவிட ஆபத்து. ஒத்திகை பார்த்தபடி சொன்னேன். ராஸியா என்று கேட்டேன்.

நெஞ்சில் கை வைத்து, "எக்தியார் தாரீத், ஆகா" என்றார். அதிகாரம் உங்களுடையது. இது வேண்டாம் என்கிற இட்லி.

இரண்டாம் தரம் கேட்டேன். கடவுள் சித்தம், பிள்ளைகள் சித்தம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். புன்னகை இருந்தது. நம் சம்பந்திகளும் கல்யாண மண்டபத்தில் இப்படித்தான், ‘உங்க இஷ்டம், எங்களுக்கு என்ன’ என்பார்கள். அந்த இஷ்டத்தை நம்பி ஏதாவது செய்தவர்கள் பிழைத்ததில்லை.

மூன்றாம் தரம் கேட்டேன். புன்னகை போய்விட்டது. கல்கண்டைத் தட்டில் வைத்தார். கை வயிற்றுக்குப் போனது.

"யெக் ஷர்த் தாரம்" என்றார்.

ஷரத்து. ஒரு ஷரத்து இருக்கிறது. அகராதி வேண்டியிருக்கவில்லை. பிறகு அவர் பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. மெதுவாக என்றேன். மெதுவாகச் சொன்னார். நவே, பேரப்பிள்ளை. தவல்லோத், பிறப்பு. கபர், செய்தி. மகளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நான் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்துக் கேட்டேன். பிறப்புக்கு முன்பா, பின்பா? பின்பு. உங்கள் உயிருக்குப் பயமா? இல்லை. என் உச்சரிப்பைத் திருத்தி, மறுபடி இல்லை.

நான் புரிந்துகொண்டதை அவருக்கே படித்துக் காட்டினேன், விதிப்படி. அறுவைக்குச் சம்மதம். ஆனால் மகள் பெற்றெடுத்த பிறகு. அறுவை மேஜையிலேயே தம் உயிர் போய்விட்டால், அந்தச் செய்தி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்குப் போகக் கூடாது. இலக்கணம் எல்லாம் செத்துக் கிடந்திருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் திருத்தினார். பிறகு, "தொரோஸ்த்" என்றார். சரி.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். அவள் எழுந்து போய் டீயைச் சூடு பண்ணினாள். சூடாகத்தான் இருந்தது.

மருமகளிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதாள். "ஆமாம் மாமா, அன்னைக்கு அதைத்தான் சொன்னாங்க. எனக்காகக் காத்திருந்து அம்மா செத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அதான் சொல்லல. நீங்க ஏன் கேட்டீங்க?" இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான், ஐந்நூறு சொல்கூடத் தெரியாத மொழியில்.

டாக்டருக்கு எரிச்சல். "சார், இந்த நிலைமையில வெயிட் பண்றதை நான் ரெகமண்ட் பண்ண மாட்டேன். திடீர்னு போயிடலாம். அது அவங்களுக்குத் தெரியுமா?"

தெரிவிக்க வேண்டியவன் நான். தமிழில்கூடச் சம்பந்தியிடம் சொல்லத் துணியாத சொல்லை, மர்க், டாக்டர் அறையில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். திடீரென்று வரலாம் என்றேன். "மீதானம்" என்றார். தெரியும். டாக்டர் தலையை ஆட்டினார். "புரிஞ்சு சொல்றாங்கன்னா அவங்க முடிவு. மாடி ஏறக் கூடாது. வாரா வாரம் வரணும். மயங்கி விழுந்தா அப்புறம் பேச்சு கிடையாது."

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், கழிக்கவில்லை. அவர் இருமினால் எழுந்தேன். இருமாவிட்டாலும் எழுந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றால் மனைவியை அனுப்பினேன். செய்தித்தாளை ஒரு பக்கம்கூடப் படித்து முடிக்கவில்லை. ஒரு விதியைக் காப்பாற்றப் போய் ஒரு உயிரை என் வீட்டுக் கூடத்தில் காக்க வைத்திருக்கிறேன் என்பது தெரிந்தது. பணியில் இருந்தபோது இப்படி ஒன்றைச் செய்திருந்தால் மேலே குறிப்பு அனுப்பிவிட்டுத் தூங்கியிருப்பேன். இங்கே மேலே யாரும் இல்லை.

ஒரு முற்பகலில் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் ஓடினேன். படித்த ஃபார்சி அத்தனையும் போய்விட்டது. "எங்க வலிக்குது? எங்கம்மா வலிக்குது?" என்று தமிழில் கத்தினேன். அவர் தமிழில் பதில் சொன்னார்: "பரவால்ல."

"பரவால்ல ஒண்ணும் வேணாம், வண்டிய எடுங்க" என்றாள் மனைவி.

எல்லைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் அசையாமல் நின்றன. பின் சீட்டில் மனைவி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தேன். முன்னால் இருந்த லாரியின் பின்புறத்தில் எழுதியிருந்த கன்னட வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன், மறுபடி படித்தேன். என்ன எழுதியிருந்தது என்று இப்போது நினைவில்லை.

சேர்த்துக்கொண்டார்கள், தேற்றினார்கள். டாக்டர் வெளியே வந்து விரலை நீட்டினார். "இந்த வாரக் கடைசிக்கு மேல முடியாது சார். ஷரத்து கிரத்து எல்லாம் போதும்."

அதை நான் மருமகளிடம் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். வாரக் கடைசி என்றால் எந்தக் கிழமை என்று கேட்டாள். பிறகு, "மாமா, எனக்கு நாள் கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. வலி வரவழைச்சு இப்பவே பிரசவம் பார்க்க இங்க அனுமதி உண்டான்னு கேக்கறேன்" என்றாள். உண்டாம். அவளுடைய டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சரி என்றாராம். எங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் விதியைத் தேடிப் போய்க் கேட்டு அது உதவியதை முதல் தடவையாகப் பார்த்தேன். முதலில் யார் ஷரத்தை விட்டது, அம்மாவா மகளா என்று கேட்டால் இருவரும் இல்லை. ஷரத்து அப்படியே இருந்தது, நாள்தான் நகர்ந்து வந்தது.

அம்மாளுக்கு அதையும் படித்துக் காட்டினேன். மகளை அவசரப்படுத்தியது பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாத சொற்களில் நிறையத் திட்டினார். என்னையா, மகளையா, டாக்டரையா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து, அங்கே முன்னிரவு, இங்கே காலை, போன் வந்தது. மகன் போனைத் திருப்பிக் காட்டினான். துணியில் சுற்றிய சிவந்த முகம், பேத்தி. பக்கத்தில் மருமகள், தலை கலைந்து, ராணி மாதிரி. சம்பந்தியம்மா ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு மகளோடு பேசினார். அவர் கை இந்த முறை எங்கேயும் போகவில்லை, போனைப் பிடித்திருந்தது. என் மனைவி போனுக்குள் தலையை விட்டு, "கண்ணு படப் போவுது, மூடும்மா" என்றாள். கனடாவில் அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

ஆலோசகர் பெண் படிவத்தோடு வந்தாள். இந்த முறை ஃபார்மாலிட்டி என்று சொல்லவில்லை. "நீங்களே படிச்சுக் காட்டுங்க சார்" என்று கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வரி வரியாகப் படித்தேன். ஜன்னல், மயக்கம், ரத்தம், ஆபத்து, சாவு. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினேன். இரண்டு இடத்தில் அவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். அறுவை நன்றாக முடிந்ததும், அவர் மெலிந்து, தேறி, பேத்தியைப் பார்க்கப் போனதும் டாக்டரின் கோப்பில் இருக்கும். என் கோப்பு அதற்கு முன்னால் முடிகிறது.

படித்து முடித்து, "ராஸியா?" என்று முதல் தரம் கேட்டேன்.

"ராஸியம்" என்றார்.

நெஞ்சில் கை வைக்கவில்லை. புன்னகை இல்லை. அதிகாரம் யாருடையது என்று பேசவில்லை. பழக்கதோஷத்தில் நான் இரண்டாம் தரத்துக்கு வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஆகா" என்றார். பிறகு, மனைவி தோசை போடும்போது கற்றுக்கொடுத்த தமிழில், "போதும்."

பேனாவை வாங்கி வலமிருந்து இடமாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கோட்டில் நான் போட்டேன். அதன் கீழே, அச்சிடாத இடத்தில், ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று அவர் சார்பில் தமிழில் எழுதினேன்.

"தேதி போடலியே சார்" என்றாள் ஆலோசகர் பெண்.

மனைவிதான் சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. ஊரில் எல்லோரும் ஆற்றுக்குப் போயிருப்பார்கள் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஆடிப் பதினெட்டு.